பதினான்காவது ஆள்

எண்ணாமல் ஒரு கதவைக்கூட நான் பூட்டியது கிடையாது. பெலோர்ம் கோட்டையில் வழிகாட்டியாகச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கூட்டத்தை ஓர் அறைக்குள் விடுவேன், பேசுவேன், அடுத்த அறைக்கு ஓட்டிக்கொண்டு போவேன், பின்னால் கதவைப் பூட்டுவேன். வாசலில் நின்று தலைகளை எண்ணுவேன். எண்ணாவிட்டால் ஒருத்தர் ராணி படுத்த கட்டிலில் படுத்துப் பார்ப்பார், இன்னொருத்தர் திரைச்சீலையைக் கிள்ளி நூல் எடுப்பார். மனுஷர்களை நான் நம்புவதில்லை, சாவியை நம்புவேன்.

எண்ணுவதில் எங்கள் சீமாட்டியம்மாவுக்கு ஒரு விதி உண்டு. கோட்டை அவருடையது, வயது எண்பத்தாறு. சாப்பாட்டு மேசையில் பதிமூன்று பேர் உட்காரக்கூடாது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருமே பார்ப்பார்கள். சீமாட்டியம்மா அதை மேசையோடு நிறுத்தவில்லை. கூட்டமாகச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் பதிமூன்றாக இருக்கக்கூடாது. பதிமூன்று வந்துவிட்டால் அவருடைய நாய் பிஜூவையும் ஓர் ஆளாகச் சேர்த்துப் பதினான்கு என்று சொல்ல வேண்டும். பதிமூன்று என்ற எண் என் நோட்டில் இருபத்தெட்டு வருஷமாக இல்லை. பிஜூவுக்கு முன்னால் வேறொரு நாய், அதற்கு முன்னால் ஒரு பூனை. நாங்கள் யாரும் இதைப் பெரிதாக நினைத்ததில்லை. தும்மினால் வாழ்த்துச் சொல்கிற மாதிரி நாக்கு தானாகச் சொல்லிவிடும்.

போன வருஷம் நவம்பர் ஒன்று, புனிதர்கள் திருநாள். அன்றோடு கோட்டையை மூடினால் குருத்தோலை ஞாயிறு வாரத்தில்தான் திறப்போம். கடைசிக் கூட்டத்தில் உள்ளே வந்தவர்கள் பதினான்கு பேர். முழுசாகப் பதினான்கு மனுஷர்கள், நாய் இல்லாமல். அவர்களில் ஒருவர் முசியே ரவனேல், எழுபத்தொன்பது வயதுக்காரர், காது மந்தம். நான் எதைச் சொன்னாலும் காதருகே கையைக் குவித்து, "ஆ? கேக்கலை. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்பார். ஆயுத அறையில் கேட்டார், விருந்து மண்டபத்தில் கேட்டார், தோட்டத்தில் கோலம் போட்ட மாதிரி வெட்டிவிட்ட புதர்வேலிகளுக்கு நடுவே நின்று மூன்று தடவை கேட்டார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மனுஷன் வீட்டிலேயே உட்கார்ந்து புத்தகம் படிக்கக்கூடாதா என்று மனசுக்குள் திட்டினேன்.

தோட்டத்தின் கோடியில் ஐஸ் கிடங்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை வெட்டி வந்து வெயில்காலம்வரை போட்டு வைத்த குழி. மேலே செங்கல் வளைவு, அதன்மேல் மண்மேடு, மேட்டின்மேல் மரங்கள். உள்ளே குழியைச் சுற்றி ஒரு கல்திண்டு ஓடும், அதன் பின்புறம் கதவிலிருந்து தெரியாது. அதைக் காட்டிவிட்டு வெளியே வந்து, கதவில் நின்று எண்ணினேன். மழை பிடித்துவிட்டது. பதிமூன்று தலைகள். எங்கிருந்தோ ஓடிவந்த பிஜூ என் காலடியில் உட்கார்ந்து உடம்பை உதறியது. "பதினாலு" என்று சொன்னேன். நோட்டில் எழுதினேன். கதவைப் பூட்டினேன்.

திரும்பி நடக்கும்போது "ஆ?" என்று யாரும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை நான் அனுபவித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருட்டுவதற்கு முன் தோட்டக்காரர் கஸ்பார் வழக்கம்போல ஐஸ் கிடங்குக்குப் போய், நான் பூட்டிய மரக்கதவுக்கு வெளியே வைக்கோலை அடைத்து, குளிர்காலத்து இரும்புக் கதவை மாட்டினார். செங்கல் பனியில் வெடிக்காமல் இருக்க வருஷாவருஷம் செய்கிற வேலை. அடுத்த இரண்டு நாளும் பிஜூ அந்த இரும்புக் கதவின் முன்னால் நின்று குரைத்தது. பெருச்சாளி இருக்கும் என்றார் சீமாட்டியம்மா. நான்தான் மழையில் போய் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தேன். மூன்றாம் நாள் அது குரைக்கவில்லை.

ஏப்ரலில் கஸ்பார் வைக்கோலை எடுத்துக் கதவைத் திறந்தபோது முசியே ரவனேல் கல்திண்டின் பின்புறத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் ஷூ கழற்றி வைத்திருந்தது, கணுக்கால் முறிந்திருந்தது. தூர் நகரத்தில் தனியாக இருந்தவர், பஸ்ஸில் வந்தவர், யாரிடமும் சொல்லாமல் வந்தவர். குளிர்காலம் முழுக்க அவரை ஆற்றில் தேடியிருக்கிறார்கள்.

போலீஸ்காரர் என் நோட்டைப் பார்த்தார். "உள்ள பதினாலு, வெளிய பதினாலு. சரிதானே மேடம்?"

"சரிதான்" என்றேன். அந்த எண்ணைப் பார்த்த நொடியிலேயே எனக்குப் பிஜூ உடம்பை உதறியது ஞாபகம் வந்துவிட்டது. ஆனாலும் வாய், "சரிதான்" என்றுதான் சொன்னது.

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது. எண்ணிக்கை சரி என்றால், மனுஷன் கூட்டத்தோடு வெளியே வந்துவிட்டுப் பிறகு தனியாகத் திரும்பிப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவுக்கு இரண்டு சாவிதான், ஒன்று என்னிடம், ஒன்று கஸ்பாரிடம். ஆகவே கஸ்பார் எதற்கோ திறந்தார், உள்ளே பார்க்காமல் பூட்டினார். வழக்கு என்று ஒன்றும் போடவில்லை, கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். ஆனால் ஊரில் ரொட்டிக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. இந்த சீசனோடு வேலை முடிந்தது என்று சீமாட்டியம்மா அவரிடம் சொல்லிவிட்டார். இந்த வருஷம் சீசன் முடிகிற நாளன்று தோட்டக்காரர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கஸ்பார் அந்த வீட்டில் முப்பத்தோரு வருஷம் இருந்தார், அவர் மனைவி செத்ததும் அங்கேதான். நான் ஒரு வார்த்தை சொன்னால் வீடும் பெயரும் அவருக்கு மிஞ்சும். நான் சொல்லவில்லை. எனக்கு ஐம்பத்தொன்பது வயது, இந்தக் கோட்டையை விட்டால் போக்கிடம் இல்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஏழு மாதம் ஓட்டினேன்.

அந்த ஏழு மாதமும் எனக்கு எண்ணிக்கை சரியாக வரவில்லை. இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவேன், ஆயுத அறைக் கதவில் எண்ணினால் இருபத்துமூன்று. மறுபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தால் வந்தவர்கள்தான் இருப்பார்கள், புதுசாக ஒருத்தரும் இல்லை. எண்ணினால் மட்டும் ஒன்று கூடும். விருந்து மண்டபத்தில் கூடும், கோலத் தோட்டத்தில் கூடும். ஐஸ் கிடங்கிலிருந்து வெளியே வரும்போது மட்டும் சரியாக இருக்கும். அவர் அங்கேயே நின்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

குரலும் கேட்டது. கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து, மரியாதையாக, கொஞ்சம் வெட்கத்தோடு. "ஆ? கேக்கலை. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க." நான் சத்தமாகச் சொல்வேன். மறுபடியும் "ஆ?" இன்னும் சத்தமாகச் சொல்வேன். ஒரு பெண் இணையத்தில் எழுதிப் போட்டாள், கோட்டை அழகு, வழிகாட்டி அம்மாவுக்கு விஷயம் தெரிகிறது, ஆனால் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று. சீமாட்டியம்மா அதைப் படித்துக் காட்டி, "உனக்குக் காது மந்தமாயிடுச்சா ஆர்மெல்? டாக்டரைப் போய்ப் பாரேன்" என்றார்.

இந்த வருஷமும் புனிதர்கள் திருநாள் வந்தது. ஊரே சாமந்திப்பூத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் நான் கஸ்பார் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பூசணி சூப் வைத்திருந்தார். இரண்டு கிண்ணம் மட்டும் வெளியே இருந்தது.

"வா தாயே. ராணி கட்டில்ல யாராவது படுத்துட்டாங்களா?"

"படுத்தா எழுப்பிவிட்டுட்டு வரேன். உப்பு எங்க?"

"பெட்டியில போட்டுட்டேன். எந்தப் பெட்டின்னு கேக்காத."

உப்பில்லாமல் குடித்தோம். தங்கை வீட்டு மாடி அறைக்குப் போகப் போவதாகச் சொன்னார். அங்கே தோட்டம் இல்லை, ஜன்னலில் ஒரு தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்று தங்கை சொல்லியிருக்கிறாளாம்.

"ஒரு தொட்டிக்கு ஒரு தோட்டக்காரன். கொடுத்து வச்ச தொட்டி" என்று சிரித்தார். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "ஆர்மெல், நானேதான் திறந்திருப்பேன்னு இப்பத் தோணுது."

"என்ன உளர்ற?"

"ஆமா. முதல்ல, திறக்கவே இல்லைன்னு போலீஸ்ல அடிச்சுச் சொன்னேன். இப்பல்லாம் கண்ணை மூடினா கையில சாவி இருக்கு. நான் திறக்கிறேன், மண்வெட்டியை உள்ள வைக்கிறேன், பூட்டுறேன். அந்த மனுஷன் இருட்டுல என்னைக் கூப்பிடுறாரு. நான் திரும்பிப் பாக்கவே இல்ல." அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "உன் கணக்கு தப்பாது. அப்ப நான்தானே?"

நான் சூப்பைக் குடித்தேன். இதைவிடக் கேவலமாக என் வாழ்க்கையில் நான் எதையும் செய்ததில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்குக் கூட்டம் வருகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று மணிக் கூட்டத்தில் பதிமூன்று பேர். பிஜூ வெயிலில் படுத்திருந்தது, நான் சேர்த்துக்கொள்ளாமலே அதுவாக எழுந்து வந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் என்னிடம் தனியாக வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, கையில் மஞ்சள் சாமந்தித் தொட்டி.

"நான் கோரின் ரவனேல். முசியே ரவனேலோட பொண்ணு" என்றாள். "பயப்படாதீங்க, சண்டை போட வரலை. எல்லாரையும் போலச் சுத்திப் பாத்துட்டுப் போறேன். அப்பா எதையெல்லாம் பாத்தாரோ அதையெல்லாம் பாக்கணும். இதை அங்க வச்சிட்டுப் போயிடுறேன்."

"வாங்க" என்றேன்.

"அப்பா உங்களை ரொம்பப் படுத்தியிருப்பாரே. அவருக்குக் காது கேக்காது. மிஷினை வாங்கிக் கொடுத்தா டிராயர்ல வச்சுப் பூட்டிடுவாரு."

"இல்ல மேடம். தொந்தரவே இல்ல" என்றேன்.

ஆயுத அறைக் கதவில் எண்ணினேன், பதினான்கு. பிஜூவைச் சேர்க்காமல் பதினான்கு. விருந்து மண்டபத்தில், "இந்த மேசையில் முப்பது பேர் உட்காரலாம்" என்று ஆரம்பித்தபோது பின்னாலிருந்து, "ஆ?" என்று வந்தது. கோரின் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் மூடிய கதவுதான் இருந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன். அவள் என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தாள். அப்பாவுக்காக இந்த அம்மாள் இப்படித்தான் உரக்கப் பேசியிருப்பாள் என்று நினைத்தாளோ என்னவோ.

கோலத் தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. கஸ்பார் கடைசியாக ஒருமுறை வேலிகளை வெட்டி விட்டிருந்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது. வேலையைவிட்டுத் துரத்துகிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு அழகாக வெட்டிக் கொடுத்தார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. சரளைக்கல் பாதை எங்கள் காலடியில் நறநறத்தது. நான் நின்றால் கூட்டம் நிற்கும். எல்லோரும் நின்றபிறகு ஒரு ஜோடிக் கால் மட்டும், ஒன்று லேசாக இழுத்தபடி, இரண்டு மூன்று எட்டு வைத்துப் பிறகு நின்றது. பிஜூ வாலை ஆட்டியது.

ஐஸ் கிடங்குக்கு வெளியே கஸ்பார் வைக்கோல் கட்டுகளோடு காத்திருந்தார். இரும்புக் கதவு மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. அதை மாட்டிவிட்டால் அவருக்கு இங்கே வேலை முடிந்தது. கூட்டத்தை உள்ளே கூட்டிப்போனேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. கல்திண்டின் பின்புறத்தில் கோரின் தொட்டியை வைத்துவிட்டுக் கையைக் கல்லின்மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஜில்லென்ற காற்று குழியிலிருந்து மேலே ஏறியது.

வெளியே வந்து கதவில் நின்று எண்ணினேன். பதிமூன்று. பிஜூ என் காலடியில் வந்து உட்கார்ந்தது. "பதினாலு" என்று சொல்லிவிட்டது என் வாய். கதவைப் பாதி சாத்திச் சாவியைத் துவாரத்தில் வைத்தேன், திருப்பவில்லை.

அதற்குள் கோரின் கஸ்பாரிடம் போயிருந்தாள். அவர் அவசரமாகத் தொப்பியை எடுத்தார்.

"நீங்கதான் தோட்டக்காரரா?"

"ஆமா மேடம்."

"உங்களைப் பாக்கணும்னுதான் வந்தேன். எனக்கு உங்கமேல கோபம் கிடையாது. முதல்ல இருந்துச்சு, இப்ப இல்ல. யாருக்கும் மறதி வரும். நான் மன்னிச்சிட்டேன்னு உங்களுக்குத் தெரியணும்."

கஸ்பார் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கினார். "உள்ள பாத்திருக்கணும் மேடம். ஒரு எட்டு உள்ள வச்சிருந்தாப் போதும். முப்பது வருஷமா எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செஞ்சவன். அன்னிக்கு எப்படிப் பாக்காம விட்டேன்னு தெரியலை. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் என்னைவிட ஓரடி உயரம். அந்தப் பெண்ணின் முன்னால் முதுகு வளைந்து என் தோள் அளவுக்கு வந்துவிட்டார்.

"அவர் இல்ல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தர் காரில் போக எவ்வளவு நேரமாகும் என்று மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால், திறந்திருந்த இருட்டுக்குள்ளிருந்து, மரியாதையாக, கொஞ்சம் வெட்கத்தோடு, "ஆ? கேக்கலை" என்றது. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

பிஜூ காதைத் தூக்கிக்கொண்டு கதவைப் பார்த்தது.

"அவர் இல்ல!" என்று கத்தினேன். மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. "நான் பூட்டினேன்! அன்னிக்கு வெளிய வந்தது பதிமூணு பேரு. நாயைச் சேத்துப் பதினாலுன்னு எழுதினேன். உங்கப்பா உள்ள இருக்கும்போதே நான்தான் பூட்டினேன். நாய் இங்க நின்னு ரெண்டு நாள் குரைச்சுது, அதை இழுத்துட்டுப் போனதும் நான்தான். ஏப்ரல்லயே எனக்குத் தெரியும். கஸ்பார் கதவைத் தொடவே இல்ல!"

கோரின் என்னைப் பார்த்தாள், காலடியில் இருந்த நாயைப் பார்த்தாள். "நாயையா?" என்றாள். "எங்கப்பா கணக்குல நாயையா வச்சீங்க?" அவள் முகம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. இந்தத் தடவை அவள் மன்னிப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கஸ்பார் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பி கீழே விழுந்து கிடந்தது.

"அப்ப நான் பூட்டலையா?" என்றார்.

"இல்ல கஸ்பார்."

"திறக்கவும் இல்லையா?"

"இல்ல."

"மண்வெட்டி?"

"அதெல்லாம் நீயா நினைச்சுக்கிட்டது. நீ இரும்புக் கதவை மாட்டினே, அவ்வளவுதான். உள்ள ஆள் இருக்கிறது உனக்குத் தெரியாது."

உள்ளேயிருந்து குரல் ஏதும் வரவில்லை. நான் காத்திருந்தேன். காற்றுகூட வரவில்லை. கஸ்பார் குழந்தை மாதிரி என் பாவாடை நுனியைப் பிடித்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், இலை விழுகிற சத்தம்கூடக் கேட்கும்.

"இன்னொரு தடவை சொல்லு ஆர்மெல்" என்றார். "சத்தமா சொல்லு."

சொன்னேன். அவர் போதும் என்கிறவரைக்கும் சொன்னேன்.